சேதுக்கரையின் இரண்டு உப்புக்கொத்திகள்

இராமேஸ்வரம் தீவின் தென்கிழக்கே நிலம் ஒடுங்கி முடியும் அரிச்சல்முனைக்கும், மன்னார் தீவின் மேற்கு முனையாகிய தலைமன்னாருக்கும் இடையே கடலின் அகலம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். அந்த இடைவெளியிலும் கடல் முழுதும் கடலாக இருப்பதில்லை. ஆழம் குறைந்த நீரின் நடுவே மணல் திட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து, காற்றும் நீரோட்டமும் திசை மாறும்போது தாமும் உருமாறி, ஒரு பருவத்தில் நீண்டும் மறு பருவத்தில் குறுகியும் கிடக்கின்றன. சேது என்றும் இராமர் பாலம் என்றும் ஆதாம் பாலம் என்றும் பல பெயர் பெற்ற இந்த வரிசையை மீனவர்கள் முதல் திட்டு, இரண்டாம் திட்டு என எண்ணிட்டே அழைக்கின்றனர். இத்திட்டுகளின் இரு பக்கக் கரைகளுக்கும், தை மாதத்தில் ஒருமுறையும் வைகாசியில் மறுமுறையுமாக, உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு பறவையின் பொருட்டே செல்பவருக்கு, நூறாண்டுக்கும் மேலாக ஒரே இனமாக எண்ணப்பட்டு வந்தது உண்மையில் இரண்டு இனங்கள் என்பது கண்ணெதிரே விளங்கும்.

அவற்றுள் ஒன்று கென்டிஷ் உப்புக்கொத்தி. மற்றொன்று 2023இல் தனி இனமென நிறுவப்பட்ட அனுமன் உப்புக்கொத்தி. உப்புக்கொத்தி என்ற தமிழ்ப் பெயரே இக்குடும்பத்தின் வாழ்விடத்தைச் சொல்லிவிடுகிறது. உப்பளத்தின் பாத்தி வரப்பிலும், வெள்ளை பூத்த உவர்நிலத்திலும், நீர் வடிந்த கழிமுகச் சேற்றிலும் தலைகுனிந்து கொத்துவதைக் கண்டவர்கள் இட்ட பெயர் அது. ஆயினும் பறவை கொத்துவது உப்பை அன்று. உவர்நீர் விளிம்பில் மொய்க்கும் சிறு ஈக்களையும், மணலுக்குள் நெளியும் புழுக்களையும், நகத்தளவே உள்ள நண்டுக் குஞ்சுகளையும்தான். அதே கரையில் மேயும் உள்ளான்கள் நீண்ட அலகைச் சேற்றுக்குள் செலுத்தி, அலகு நுனியின் தொடுவுணர்வால் இரையைத் துழாவி எடுப்பவை. உப்புக்கொத்திக்கோ அலகு குட்டையானது, கண் பெரியது. ஆகவே அது சில அடி ஓடி, சட்டென அசையாமல் நின்று, மணலின் மேற்பரப்பில் ஏதேனும் அசைகிறதா எனப் பார்த்து, குனிந்து ஒரு கொத்துக் கொத்திவிட்டு மீண்டும் ஓடும். தொலைவில் புள்ளியாகத் தெரிகிற பறவை உள்ளானா உப்புக்கொத்தியா என்பதை இறகின் நிறத்தைக் காணும் முன்பே இந்த நடையைக் கொண்டு சொல்லிவிடலாம்.

தை மாதப் பயணம் பாம்பனில் தொடங்குவதே பொருத்தம். 1914இல் திறக்கப்பட்டு நூறாண்டுக்கு மேல் இரயிலைச் சுமந்த பழைய பாலத்தின் அருகே, 2025 ஏப்ரலில் பயன்பாட்டுக்கு வந்த புதிய தூக்குப்பாலம் நிற்கிறது. அதைக் கடந்து இராமேஸ்வரம் ஊரைத் தாண்டினால், சவுக்கும் தாழையும் கருவேலும் நிறைந்த மணல்வெளியினூடே முகுந்தராயர் சத்திரம், கம்பிப்பாடு வழியாகச் சாலை தனுஷ்கோடியை நோக்கி ஓடுகிறது. 1964 டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி வீசிய புயலில் ஊரும் இரயில் நிலையமும் பயணிகளோடு வந்த இரயிலும் அழிந்த கதையைத் தமிழ் வாசகர் அறிவர். அந்த இடிபாடுகளுக்கு அப்பால், 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை போடப்படும்வரை, மணலில் திணறிச் செல்லும் வேன்களும் மீனவர்களின் கால்நடையுமே போக்குவரத்தாக இருந்தன. சாலையின் தெற்கே மன்னார் வளைகுடா சீறி எழுவதால் அதனை ஆண் கடல் என்றும், வடக்கே பாக் விரிகுடா அடங்கிக் கிடப்பதால் அதனைப் பெண் கடல் என்றும் அங்குள்ளோர் சொல்வர். உப்புக்கொத்திகளைத் தேட வேண்டியது இந்த அமைதியான வடபுறத்தில்தான். கால் நனையும் அளவே ஆழமுள்ள நீர்த்தேக்கங்களும், உமரி படர்ந்த சேற்று விளிம்புகளும் அங்கே கிலோமீட்டர் கணக்கில் விரிந்துள்ளன. பூநாரைகள் கூட்டமாக நிற்பதும் அங்கேதான். அவற்றின் பொருட்டே 2025இல் தமிழ்நாடு அரசு தனுஷ்கோடியில் ஒரு சரணாலயத்தை அறிவித்தது.

பூநாரையை எவரும் தவறவிடுவதில்லை. உப்புக்கொத்தியையோ எவரும் கவனிப்பதில்லை. காய்ந்த மணலின் நிறமே அதன் முதுகின் நிறம். வெண்மையான வயிறு, மேலிருந்து விழும் வெயிலில் தன் நிழலைத் தானே கரைத்துவிடுகிறது. ஆகவே முப்பது நாற்பது பறவைகள் காற்றுக்கு முகம் காட்டிக் குளம்படிப் பள்ளங்களில் பதுங்கிக் கிடந்தாலும், அவற்றுள் ஒன்று எழுந்து ஓடும்வரை அவ்விடம் வெறுமணலாகவே தோன்றும். தை மாதக் கூட்டம் கலப்பானது: மணல் உப்புக்கொத்திகள், கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் கொண்ட பட்டாணி உப்புக்கொத்திகள், இடையிடையே கொசு உள்ளான்கள் எனப் பல வகையினவும் அதில் கலந்திருக்கும். பின்கழுத்தைச் சுற்றி முழுமையான வெள்ளைக் கழுத்துப்பட்டையும், மார்பின் இரு பக்கமும் தொடங்கி நடுவில் சேராமலே நின்றுவிடும் கறைகளும் உடையவற்றைத் தனியே பிரித்துக்கொண்டால், எஞ்சுவன இக்கட்டுரைக்குரிய இரண்டும் மட்டுமே.

அவ்விரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பதுதான் அரிய வேலை. கென்டிஷ் உப்புக்கொத்தி 15 முதல் 17 செ.மீ. நீளமும் 40 கிராம் அளவு எடையும் உடையது. அனுமன் உப்புக்கொத்தி அதனினும் சற்றுச் சிறியது, சிறகும் குட்டை. ஆனால் அருகருகே இரண்டும் நின்றாலன்றி இந்த வேறுபாடு கண்ணுக்குப் புலப்படாது. கென்டிஷ் உப்புக்கொத்தியின் கால் கருமை. அனுமனின் கால் சாம்பல் சாயல் உடையது. இதுவும் தெளிவான அடையாளம்போல் தோன்றினாலும், கரிய சேற்றில் மேய்ந்து வரும் பறவையின் கால் எந்த இனமாயினும் கறுத்தே தெரிவதால், அது நீரில் அலசி எழும்வரை பொறுத்திருக்க வேண்டும். இனப்பெருக்கக் காலத்து ஆண்களிடம் வேறுபாடு கூடுதலாகத் தெரியும்: கென்டிஷ் ஆணின் உச்சந்தலையில் துருவின் செம்மை ஏறும், அனுமன் ஆணிடம் அச்செம்மை இல்லை என்றே சொல்லும்படி குறைவு. ஆனால் தை மாதத்தில் பறவைகள் குளிர்கால உடையில் இருப்பதால் செம்மையும் கருமையும் மங்கிப் பழுப்பாகி, இரு இனமும் ஒரே சாயலில் நிற்கின்றன. நூறாண்டுக் குழப்பத்தின் காரணம் இந்தத் தை மாதக் கரையிலேயே கிடக்கிறது எனலாம்.

பெயர்களின் வரலாறும் இந்தக் குழப்பத்தில் பங்கு பெற்றது. 1758இல் லின்னேயஸ் இப்பறவைக்கு அறிவியல் பெயர் சூட்டியபோது, எகிப்தின் அலெக்சாந்திரியா நகரை அடியாகக் கொண்டு 'அலெக்சாந்திரினஸ்' என்றார். பின்னர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் கென்ட் மாவட்டக் கடற்கரையில் கிடைத்த பறவைகளைக் கொண்டு ஆங்கிலேயர் அதனைக் கென்ட் நாட்டுப் பறவையாக்கினர். மேற்கு ஐரோப்பாவும் வட ஆப்பிரிக்காவும் தொடங்கிச் சீனா, ஜப்பான் வரை கூடு வைக்கும் ஒரு பறவைக்கு ஒரு சிறு மாவட்டத்தின் பெயர் நிலைத்தது. அந்த மாவட்டத்திலோ, பிரித்தானியா முழுவதிலுமோ அது முறையாகக் கூடு வைப்பது 20ஆம் நூற்றாண்டிலேயே நின்றுபோயிற்று. மன்னார்க் கரையில் தலைமுறை தலைமுறையாக முட்டையிட்டுக் குஞ்சு வளர்த்து, அக்கரையை விட்டு நீங்காத பறவையும் அப்பெயராலேயே நூல்களில் வழங்கியது.

அது சற்று வேறானது என்பதைக் கண்டவர் இல்லாமல் இல்லை. டிரிங் நகரில் ரோத்சைல்டு நிறுவிய அருங்காட்சியகத்தில் பணியாற்றிய எர்ன்ஸ்ட் ஹார்ட்டர்ட் என்பவரும், கரைப்பறவைகளில் தேர்ந்த ஆய்வாளரான ஆனி ஜாக்சனும் 1915இல் 'ஐபிஸ்' என்னும் பறவையியல் இதழில் இலங்கைப் பறவைகளைத் தனித் துணையினமாக விவரித்து, 'சீபோமி' எனப் பெயரிட்டனர். துணையினம் என்பது, ஓர் இனத்திற்குள்ளேயே ஏதேனும் ஒரு நிலப்பகுதியில் வாழ்ந்து, உருவில் ஓரளவு வேறுபட்டு நிற்கும் பிரிவு. உப்புக்கொத்திக் குடும்பத்தின் உலகப் பரவலை ஆராய்ந்து பெருநூல் எழுதிய ஹென்றி சீபோம் என்பவரின் நினைவாக அமைந்தது அப்பெயர். அதன்பின் அது பட்டியல்களின் அடிவரியில் மூன்றாம் சொல்லாக நின்றுவிட்டது.

கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூட் ஜனித் நிரோஷன், சம்பத் செனவிரத்ன ஆகியோர், சீனாவையும் பிரித்தானியாவையும் சேர்ந்த ஆய்வாளர்களோடு இணைந்து, உயிருள்ள பறவைகளின் அளவுகள், அருங்காட்சியக மாதிரிகளின் இறகு நிறங்கள், இரத்தத்திலிருந்து எடுத்த மரபணுக்கள் ஆகிய மூன்றையும் ஒருங்கே ஒப்பிட்டனர். இரண்டு பறவைகளின் மரபுவழிகளும் ஏறத்தாழ 12 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டன என்ற முடிவு 2023இல் அதே 'ஐபிஸ்' இதழில் வெளிவந்தது. புதிய இனமென்றாலும் அறிவியல் பெயர் புதிதன்று. முன்னரே முறைப்படி இடப்பட்ட பெயருக்கே முதலுரிமை என்பது வகைப்பாட்டியலின் விதியாதலால் 'சீபோமி' உயிர்பெற்றது. பொதுப்பெயரை மட்டும் ஆய்வாளர்கள் தாமே தேர்ந்தனர்: சேதுவின் இரு முனையிலும் வாழும் பறவைக்கு, சேதுவோடு பிரிக்க முடியாத அனுமனின் பெயர். சீமை மாவட்டம் ஒன்றின் பெயரைச் சுமந்த பறவைக்கு அதன் சொந்தக் கரையின் பெயர் கிடைத்தது நீதியான செயல் என்றே கருத வேண்டும். அப்பறவை ஓடித்திரியும் மணல்மேடுகளில் முள்ளுருண்டையாகக் காற்றில் உருளும் புல்லுக்கு இராவணன் மீசை என்று பெயர் இருப்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

வைகாசிப் பயணம் மறுகரைக்கு உரியது. அரிச்சல்முனையில் நிற்பவருக்குத் தலைமன்னார் கூப்பிடு தூரம் போலத் தோன்றினும், இன்று நேர்வழி இல்லை; தனுஷ்கோடிக் கப்பல் 1964 புயலோடு நின்றுபோயிற்று. 2023 அக்டோபரில் தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் சேவையில் ஏறி, யாழ்ப்பாணத்திலிருந்து சங்குப்பிட்டிப் பாலத்தையும் பூநகரியையும் விடத்தல்தீவையும் கடந்து தெற்கே மன்னாருக்குச் செல்வது ஒரு வழி. பறவை கடக்கும் 30 கிலோமீட்டருக்கு மனிதர் சில நூறு கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருக்கிறது. சேதுவின் திட்டுகளிலேயே, இலங்கையின் போர்க்காலத்திலும் பின்னர் 2022இன் பொருளாதார நெருக்கடியிலும், கைக்குழந்தைகளோடு இறக்கிவிடப்பட்ட ஏதிலியர் குடிநீரின்றி மீட்புப் படகுக்குக் காத்திருந்தனர் என்பதை அறிந்தவர்க்கு, இந்த 30 கிலோமீட்டரைப் பறவைக் கணக்காக மட்டும் எழுதிச் செல்வது இயலாது.

மன்னார் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் தாம்போதியின் இரு பக்கமும், அதற்குத் தெற்கே வங்காலையிலும், கோடையில் நீர் வற்றி வெளிறிய தரவைகள் கிடக்கின்றன. தரவை என்பது மழைக்காலத்தில் நீர் நின்று, வெயில்காலத்தில் வெடித்து உப்புப் படியும் வெளிநிலத்துக்கு ஈழத்தில் வழங்கும் சொல். வங்காலை 2008இல் சரணாலயமாகவும் 2010இல் ராம்சார் நிலமாகவும், அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகவும், அறிவிக்கப்பட்டது. மார்கழியில் வாத்தும் உள்ளானும் பல்லாயிரக்கணக்கில் நிறையும் இவ்விடம் வைகாசியில் வெறிச்சென்று கிடக்கும். கென்டிஷ் உப்புக்கொத்திகள் பங்குனி, சித்திரையிலேயே வடக்கே தங்கள் கூடுநிலங்களை நோக்கிப் பறந்துவிட்டன. கானல் நெளியும் அந்தத் தரவையில், அப்போதும் சில அடி ஓடி, நின்று, கொத்தி, மீண்டும் ஓடுகிற சிறு பறவை எதுவோ அதுவே அனுமன் உப்புக்கொத்தி. காலின் சாம்பலும் தலையின் செம்மையும் தராத உறுதியை நாட்காட்டி தருகிறது. இவ்விரு இனங்களையும் பிரிக்கும் மெய்யான கோடு, யார் போகிறார், யார் இருக்கிறார் என்பதில்தான் ஓடுகிறது.

சிறகின் குட்டைமையும் அதே கதையைத்தான் சொல்கிறது. ஆண்டுக்கு இருமுறை நெடுந்தொலைவு கடக்கும் பறவைக்கு நீண்டு கூர்த்த சிறகு ஆதாயம். ஒரே கரையில் வாழ்ந்து, தரவைக்கும் கடலோரத்துக்கும் இடையே பறந்தால் போதும் என்ற பறவைக்கு அந்த நீளம் தேவையில்லை. இலட்சக்கணக்கான ஆண்டுகளில் அச்சிக்கனம் சில மில்லிமீட்டர்களாகச் சிறகில் எழுதப்பட்டுள்ளது.

கூடு என்று சொல்வதே மிகை. ஆண் பறவை மார்பை மணலில் அழுத்திச் சுழன்று, காலால் பின்னோக்கித் தள்ளி உண்டாக்கும் ஒரு குழி, தேநீர்த் தட்டின் அளவு. அதனுள் உடைந்த சிப்பித் துண்டுகளும் காய்ந்த உமரித் துணுக்குகளும் இருக்கும். முட்டைகள் மணல் நிறத்தில், மைக்கோல் கிறுக்கியதுபோன்ற கரிய வரிகளும் புள்ளிகளும் கொண்டவை. இரண்டடி தொலைவில் நின்று குனிந்து பார்ப்பவர், குழியைப் பார்த்துவிட்டேன் என்று எண்ணித் தலை நிமிர்ந்து மீண்டும் குனிந்தால், அது எங்கே என்று மறுபடி தேட நேரும். சிப்பியின் வெள்ளையும் முட்டையின் கறையும் சுற்றியுள்ள தரையோடு அவ்வளவு பொருந்திப் போகின்றன. மனிதரோ கீரியோ நெருங்கினால் பறவை முன்கூட்டியே எழுந்து சந்தடியின்றி ஓடி, வேறொரு திசையில் போய், ஒரு சிறகை இழுத்துக்கொண்டு முறிந்ததுபோல் தரையில் புரளும். அதனைப் பின்தொடர்பவரைக் கூட்டிலிருந்து போதிய தொலைவு அழைத்துச் சென்ற பின், அது நலமாகப் பறந்து போய்விடும்.

வெயிலில் அடைகாப்பது என்ற சொல்லே பொருள் மாறிவிடுகிறது. குளிர்நாட்டில் முட்டைக்குச் சூடு தருவது தாயின் வேலை. இங்கே முட்டையைச் சூட்டிலிருந்து காப்பதுதான் வேலை. 40 பாகை செல்சியஸைத் தாண்டிய வெப்பம் நீடித்தால் உள்ளே வளரும் கரு தாங்காது. நண்பகல் மணலோ அதனினும் மிகக் கொதிக்கும். ஆகவே பறவை முட்டைமேல் அமராமல், கால்களை ஊன்றி, உடலைச் சற்று உயர்த்தி, இறகுகளை விரித்து, அலகைத் திறந்து மூச்சிரைத்தபடி, தன் உடலையே பந்தலாக்கி நிற்கிறது. கென்டிஷ் உப்புக்கொத்தி இதற்கு மேலும் ஒன்று செய்வதை ஸ்பெயினின் உவர்நீர்க் கரைகளில் ஆராய்ந்துள்ளனர்: அது நீர்விளிம்புக்கு ஓடி, வயிற்று இறகை நனைத்துக்கொண்டு திரும்பி வந்து முட்டைகளை ஈரத்தால் குளிர்விக்கிறது. பகலில் பெரும்பாலும் பெண்ணும் இரவில் ஆணுமாக முறை வைத்து அடைகாப்பதும், குஞ்சு பொரித்த சில நாளில் பெண் பல வேளைகளில் அடுத்த துணையைத் தேடிப் போய்விட ஆணே குஞ்சுகளை வளர்ப்பதும் கென்டிஷ் இனத்தில் நன்கு பதிவான வழக்கங்கள். உலகின் பல நாடுகளில் பல்லாண்டுகளாக ஆராயப்பட்ட பறவை அது. அனுமன் உப்புக்கொத்தி தன் பெயரில் ஆராயப்படத் தொடங்கியதே இப்போதுதான்.

இனம் பிரிந்ததன் நடைமுறை விளைவும் இங்கேதான் தெரிகிறது. மூன்று கண்டங்களில் பரவிய பறவையின் ஒரு பகுதியாகக் கணக்கிடப்பட்ட வரை, மன்னாரிலோ அம்பாந்தோட்டை உப்பளத்திலோ சில கூடுகள் அழிவது உலகக் கணக்கில் ஒரு துளியாகவும் பதிவாகவில்லை. இப்போது அதே பறவைக்கு உலகம் என்பது இலங்கையின் வறண்ட கடலோரமும் தென்கிழக்கு இந்தியாவின் கரைகளும் மட்டுமே என்று ஆகிவிட்டது. அந்தக் கரையில் நேர்வது எதுவாயினும் அதன் முழு இனத்துக்கும் நேர்வது. மன்னார் தீவின் தென்கரையில் 2020ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிவைக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைத் தொகுதியின் 30 கோபுரங்கள் நிற்கின்றன. மேலும் காற்றாலைகள் அமைப்பதையும் கனிம மணல் அகழ்வதையும் எதிர்த்து 2025இல் மன்னார் மக்கள் வீதியில் இறங்கினர். அவர்களின் கவலை முதலில் தம் நிலத்தையும் மீன்பாட்டையும் வெள்ளநீர் வடியும் வழியையும் பற்றியது; ஆனால் அவர்கள் காக்க முயலும் மணலும் இப்பறவை முட்டையிடும் மணலும் ஒன்றே. தனுஷ்கோடிப் பக்கத்தில் ஆபத்து இன்னும் சாதாரணமானது. சாலையை விட்டு மணலில் இறக்கப்படும் வண்டிச் சக்கரம், சுற்றுலாக் கடைகளின் எச்சத்தை நம்பிப் பெருகிய காகமும் தெருநாயும் ஆகியவை, நாடகமாடித் திசை திருப்ப முடியாத பகைகள். சிறகு முறிந்ததுபோல் புரளும் பறவையைக் கீரி பின்தொடரும், சக்கரம் தொடராது.

தலைமன்னார் இறங்குதுறையின் பழைய மரத்தூண்கள் நீரில் நிற்க, கப்பலுக்காக இடப்பட்ட இரயில் பாதை கரையோடு முடிகிறது. 2015இல் மீண்டும் ஓடத் தொடங்கிய இரயில் வந்து நின்று பயணிகளை இறக்கிவிட்டுத் திரும்பிச் செல்கிறது. வெயில் சாயும் வேளையில், அடம்பன் கொடி படர்ந்த மேட்டுக்குக் கீழே ஓர் ஆண் உப்புக்கொத்தியும், பஞ்சு உருண்டைக்குக் கால் முளைத்ததுபோன்ற இரு குஞ்சுகளும் ஈர மணலுக்கு இறங்குகின்றன. பருந்தின் நிழல் மணலில் ஓடியதும் தந்தை ஒரு மெல்லிய ஒலி எழுப்ப, குஞ்சுகள் நின்ற இடத்திலேயே கழுத்தை நீட்டிப் படுத்து மணலாகிவிடுகின்றன. நிழல் கடந்த பின் மறுபடியும் அதே நடை: சில அடி ஓட்டம், ஒரு நிறுத்தம், ஒரு கொத்து. பொரித்து ஓரிரு நாளே ஆன குஞ்சும், கற்பிப்பார் யாருமின்றி, அப்படியே ஓடி நின்று கொத்துகிறது.